பொன்னுச்சாமி வேளார் விரட்டிய கரடி

இனிமேல் வாயால் சொல்லிக்கொண்டு திரிவதில்லை, மண்ணில் வரைந்து சூளையில் சுட்டு வைத்துவிடுவது என்று பொன்னுச்சாமி வேளார் ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவெடுத்தார். முடிவெடுத்த கையோடு மீசையையும் முறுக்கிக்கொண்டார். அவர் சுட்டு வைக்க நினைத்தது, தாம் கரடியை விரட்டிய கதையை.

அந்தக் கதையைக் கேட்காதவர்கள் கொடைக்கானலில் இரண்டே வகை. நேற்று பஸ் ஏறி வந்தவர்கள், நேற்று பிறந்தவர்கள். மோட்டார் ரோடு போடுவதற்கு முன்னால், கல்யாணமான புதிதில், வேளாரும் அவர் மனைவி அன்னக்கொடியும் பிழைப்புத் தேடி வெள்ளகவி வழியாக நடந்தே மலையேறினார்கள். வெள்ளகவிக்குள் யாரும் காலில் செருப்புப் போடக் கூடாது. ஊரே கோயில் மாதிரி. கல்யாணத்துக்கென்று வத்தலக்குண்டுச் சந்தையில் வாங்கிய புதுச் செருப்பை வேளார் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். ஊரைத் தாண்டிய பிறகும் மாட்டவில்லை. காலில் போட்டால் தேய்ந்துபோகும் அல்லவா? அப்படியே சோலைக்குள் நுழைந்தால் எதிரே கரடி. அன்னக்கொடி மயக்கம் போட்டு விழுந்தாள். வேளார் இடது கையில் செருப்பும் வலது கையில் கம்புமாக நின்று ஓர் அதட்டுப் போட்டார். கரடி திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

இதுதான் கதை. ஆரம்பத்தில் அந்தக் கரடி ஆட்டுக்குட்டி உயரந்தான் இருந்தது. வருஷம் ஏற ஏற அதுவும் வளர்ந்து இப்போது வேளாரைத் தாண்டிவிட்டது. பஜாரில் எல்லோரும் மரியாதையாகக் கேட்பார்கள். கேட்டு முடித்ததும் ஒரு மாதிரியாகச் சிரிப்பார்கள். அது வீரத்தைக் கண்ட பூரிப்பு என்று வேளார் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆனாலும் அவருக்கு ஒரு குறை உண்டு. பங்களாக்களுக்கெல்லாம் பூந்தொட்டி செய்து கொடுப்பதால் ஊரில் அவரைப் பூந்தொட்டி வேளார் என்றுதான் சொல்வார்கள். கரடி வேளார் என்று சாவதற்குள் ஒரு மனிதனாவது தம்மைக் கூப்பிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. சின்ன ஆசைதான். ஆனால் அது அவரை ரொம்ப நாளாக அரித்துக்கொண்டிருந்தது.

அந்த ஆசைக்கு வழி காட்டியவர் ஹார்ட்லி துரைசானி. ஏரிக்கு மேலே ஒரு பங்களாவில் தனியாக இருக்கும் வயதான அம்மாள். ஊரிலேயே அதிகப் பூந்தொட்டி வாங்குகிறவர். முந்தின நாள் கனத்த புத்தகம் ஒன்றைச் சுமந்துகொண்டு வேளாரின் பட்டறைக்கு வந்து, சக்கரத்தின் மேலேயே அதை விரித்துவிட்டார்.

"பாருங்க வேளார். கிரேக்க நாட்டுப் பானை. நான் அங்கே போய் என் கண்ணால பார்த்தது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேலே ஆச்சு."

"இன்னும் ஒழுகாம இருக்குங்களா?"

"தண்ணி ஊத்திப் பார்க்கலே."

வேளார் புத்தகத்தைக் கை எட்டும் மட்டும் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். செக்கச் செவேல் என்று பானை. அதில் கன்னங்கரேல் என்று ஆட்கள். ஒருவன் சிங்கத்தின் கழுத்தைப் பிடித்து நெரித்துக்கொண்டிருந்தான்.

"யாருங்க இந்தாளு? உடம்புல ஒரு கோமணங்கூட இல்லையே!"

"வீரன். கிரேக்க வீரங்க அப்படித்தான். அடுத்த பக்கம் பாருங்க, அந்தச் சிங்கத்தோட தோலைப் போர்த்தியிருக்கான். அந்தத் தோலைப் பார்த்தா ஊருக்கே ஆள் யாருன்னு தெரியும். ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு அடையாளம் உண்டு. இதே மாதிரி எனக்கு ஒரு பெரிய பானை வேணும். மே மாசப் பூக்காட்சிப் போட்டியில வைக்கப்போறேன். ஆனா கிரேக்கக் கதை வேண்டாம். உங்க ஞாபகத்துல இருக்கிற கதை வேணும். அந்தக் கரடிக் கதை."

வேளாருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "அது துரைசானியம்மாளுக்கும் தெரியுங்களா?"

"நல்லாத் தெரியும். ரொம்ப நல்ல கதை. நினைச்சு நினைச்சுச் சிரிச்சேன்."

சிரித்தேன் என்றது வேளாருக்குக் கொஞ்சம் இடித்தது. வெள்ளைக்காரர்களுக்குப் பிரமிப்பு வந்தாலும் சிரிப்புத்தான் வரும் போலிருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டார்.

பானையைச் சக்கரத்தில் ஏற்றி வனைந்து முடிப்பது வேளாருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இடுப்பளவு உயரத்துக்கு, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து, புத்தகத்தில் இருந்த மாதிரியே எழுப்பிவிட்டார். சிக்கல் அதற்குப் பிறகுதான். வேளார் வீட்டு வழக்கப்படி சக்கரத்தில் ஆண் மட்டுந்தான் உட்காரலாம். மண் குழம்பு பூசுவதும், மெருகு தேய்ப்பதும், கோடு கீறுவதும் பெண்கள் வேலை. அதில் ஆண் கை வைத்தால் வீட்டுக்கு ஆகாது. பூந்தொட்டிகளின் விளிம்புக்குக் கீழே கருவேல முள்ளால் இலைக்கொடி கீறுவதுகூட அன்னக்கொடிதான். ஆகவே வேளாரின் வீரத்தை வரையும் பொறுப்பும் அவள் தலையில் விழுந்தது.

புத்தகத்து முறை எளிது. அதே மண்ணைத் தண்ணீரில் கரைத்து, வடித்து வடித்து, மேலே நிற்கும் பால் போன்ற குழம்பால் படம் எழுத வேண்டும். சூளையில் புகை மூட்டி எடுத்தால் எழுதின இடம் மட்டும் கறுப்பாக நிற்கும். சுடுகிற வரைக்கும் படமும் பானையும் ஏறக்குறைய ஒரே நிறம். உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

வேளார் உற்றுப் பார்க்கக்கூடியவர் அல்ல. ஏழெட்டு வருஷமாகக் கிட்டத்தில் இருப்பதெல்லாம் அவருக்கு மங்கல். பஜாரில் சாமான் கடை வைத்திருக்கும் முத்து முகம்மது ராவுத்தர், "ஒரு கண்ணாடி வாங்கி மாட்டுங்க வேளாரே" என்று வருஷா வருஷம் சொல்வார். வேளாருக்கு ரோஷம் வந்துவிடும். ஏனென்றால் அன்னக்கொடி அப்படிச் சொன்னதே இல்லை. "கழுகுக் கண்ணு உங்களுக்கு. கண்ணாடி எதுக்கு?" என்பாள். வீட்டில் அவருக்குக் கிடைத்து வந்த ஒரே பாராட்டு அது. அதை இழக்க அவருக்கு மனம் வரவில்லை.

வேளார் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உத்தரவு போட ஆரம்பித்தார்.

"கேட்டுக்க புள்ள. நடுவுல நானு. வலது கையில கம்பு. இடது கையில செருப்பு."

"செருப்பு எதுக்குங்க?"

"அதான் அடையாளம். கிரேக்கத்தானுக்குச் சிங்கத்தோலு, எனக்குச் செருப்பு. செருப்பைப் பார்த்தாலே பொன்னுச்சாமின்னு ஊருக்குத் தெரியணும்."

"சரிங்க. அடையாளம் செருப்பு. மறக்க மாட்டேன்."

"எதுத்தாப்புல கரடி. என்னைவிட ஒரு முழம் ஒசரம்."

"போன மாசம் அரை முழந்தான இருந்துச்சு?"

"குறுக்க பேசாத. கீழ நீ. மயங்கிக் கெடக்க."

அன்னக்கொடியின் கை நின்றது. "ஏங்க, இந்த மயக்கத்த மட்டும் விட்டுறக் கூடாதா? கலியாணமான நாள்லருந்து மயங்கியே கெடக்கேன். இடுப்பு வலிக்கு."

"நீ மயங்கலைன்னா நான் யாரைக் காப்பாத்துனதாம்?"

"ஓரமா நின்னுக்கிறேனே."

"நின்னா நீயும் ஒத்தாசை பண்ணுனேன்னு நாலு பேரு சொல்லுவான். படு."

"தலையில கூழ்ப்பானை ஒண்ணு வச்சிருந்தேனே, அதையாவது போடட்டுமா?"

"கூழ்ப்பானைக்கும் கரடிக்கும் என்ன புள்ள சம்பந்தம்?"

அன்னக்கொடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "ஒரு சம்பந்தமும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுத் தன்னைத்தானே படுக்க வைத்து வரைந்தாள். வேளாருக்குத் திருப்தி. இவ்வளவு லேசில் மடங்குவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"பின்பக்கம் என்னங்க போடட்டும்?"

"அந்தப் பக்கத்த யாரு பார்க்கப்போறா? ஒரு மரம் போடு. அடியில ஒரு பாறை. பக்கத்துல ஒரு செடி. சோலைன்னு தெரிஞ்சாப் போதும்."

"மரத்தைப் பெருசாப் போடட்டுமா?"

"எம்புட்டுப் பெருசு வேணும்னாலும் போட்டுக்க."

அன்னக்கொடி போட்டாள். வேளார் ஒரு தடவை சுற்றி வந்து பார்த்தார். முன்பக்கம் கம்பைத் தடவினார், கரடியின் உயரத்தைக் கையால் முழம் போட்டார், செருப்பு இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். பின்பக்கம் மங்கலாக ஒரு பெரிய திட்டு, அது மரம்; ஒரு உருண்டைத் திட்டு, அது பாறை; ஒரு ஒல்லித் திட்டு, அது செடி. அதோடு திருப்திப்பட்டுச் சக்கரத்துக்குப் போய்விட்டார்.

அப்புறமும் அன்னக்கொடி பின்பக்கத்தை விடவில்லை. கருவேல முள்ளை வைத்துக்கொண்டு கீறிக்கொண்டே இருந்தாள். சக்கரத்திலிருந்தபடியே வேளார் கேட்டார்.

"என்ன புள்ள அங்க கீறிக்கிட்டுக் கெடக்க?"

"இலைங்க."

"இம்புட்டு இலையா?"

"நீங்கதான பெரிய மரம் போடச் சொன்னீக."

கொடைக்கானல் பனி மூட்டத்தில் பூந்தொட்டி காய்வதே பெரும்பாடு. இந்தப் பானையை அடுப்படியில் வைத்துக் குழந்தையைப் போலக் காய வைத்தாள் அன்னக்கொடி. சூளைப் பழக்கம் கைக்கு வர, சின்னச் சட்டிகளை வைத்து இரண்டு சூளை சுட்டுப் பார்த்தார்கள். ஒன்று முழுக்கக் கறுத்தது, ஒன்று முழுக்கச் சிவந்தது. கடைசியில் பெரிய பானையைச் சூளையில் வைத்தபோது பூக்காட்சி வந்தேவிட்டது.

இதற்கிடையில் வேளார் பஜார் முழுக்க அழைப்பு வைத்துவிட்டார். ராவுத்தர் கடை வாசலில் நின்று, "கட்டாயம் வந்துருங்க ராவுத்தரே. கதை பானையில ஏறிருச்சு" என்றார்.

ராவுத்தர் தாடியைத் தடவினார். "முழுக் கதையுமா?"

"முழுசும். ஒரு இம்மி விடல."

"செருப்பெல்லாம் இருக்கா?"

"அதான அடையாளமே!"

"அப்பக் கடையை அடைச்சுட்டே வாரேன்" என்றார் ராவுத்தர், மிகவும் பக்தியோடு.

காட்சி அன்று விடியற்காலையிலேயே சூளையைப் பிரித்தார்கள். சூடு ஆறாத பானையை அன்னக்கொடி துணி வைத்துத் தூக்கி முன்பக்கத்தை அவர் பக்கம் காட்டினாள். வேளார் நாலு எட்டுப் பின்னால் போய்ப் பார்த்தார். செம்பானையில் பளபளவென்று கரும் வேளார். கம்பு, செருப்பு, கரடி, மயங்கிய மனைவி. வேளாரின் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே கலங்கிவிட்டது. இத்தனை காலம் வாயிலேயே இருந்தவர் முதல் தடவையாக வெளியே வந்து நிற்கிறார்.

"அந்தப் பக்கம்?"

"மரந்தாங்க. வெரசாக் கெளம்புங்க, துரைசானியம்மா காத்துக்கிட்டு இருப்பாக" என்று அதற்குள் வைக்கோலைச் சுற்றிச் சாக்கில் கட்டிவிட்டாள்.

ஏரிக்கரைக் கொட்டகையில் பூக்களைப் பார்க்க வந்த கூட்டம் பாதி. வேளாரைப் பார்க்க வந்த கூட்டம் பாதி. துரைகளும் துரைசானிகளும் முன்னால் நின்றார்கள். பஜார் பின்னால் நின்றது. ஹார்ட்லி துரைசானி பானையை மேஜை நடுவே வைக்கச் சொல்லிவிட்டு, "வேளார் ரெண்டு வார்த்தை சொல்லுவார்" என்றார்.

வேளார் இரண்டு வார்த்தையோடு நிற்கிறவரா? தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெரியோர்களே! இந்தப் பானையில இருக்கறது இட்டுக்கட்டுன கதை இல்ல. நடந்தது. எங்கண்ணால கண்டது. இதுல உள்ள ஒவ்வொரு கோடும் நெசம். முன்னப் பின்னப் பார்த்தாலும் நெசம், சுத்திச் சுத்திப் பார்த்தாலும் நெசம். இதுல ஒரு கோடு பொய்யின்னா பழனியாண்டவர் என்னைச் சும்மா விடக் கூடாது!"

சாக்கைப் பிரித்தார்கள். முன்பக்கத்தைப் பார்த்துத் துரைமார் கை தட்டினார்கள். பஜார் தட்டவில்லை. பஜார் எதற்கோ காத்திருந்தது. வேளார் அதைக் கவனிக்காமல், மாலை போடுவதற்கு வாகாகக் கழுத்தை நீட்டி நாலு எட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

துரைசானி இரண்டு கைப்பிடியையும் பிடித்துப் பானையை மெல்லத் திருப்பினார்.

"அந்தப் பக்கம் வெறும் மரந்தாங்க" என்றார் வேளார் பெருந்தன்மையோடு.

அதற்குள் முன்வரிசையில் ஒரு துரை வாயைப் பொத்திக்கொண்டார். அவர் மனைவி பொத்தவில்லை. பஜார் பக்கம் ராவுத்தர் ஆரம்பித்த சிரிப்பு கொட்டகையைத் தாண்டி ஏரிக்குப் போனது. வேளார் திரும்பிப் பார்த்தார். கிட்டத்தில் மங்கும் கண்ணுக்கு நாலு எட்டுத் தள்ளி இருப்பது நன்றாகத் தெரியும். தெரிந்தது.

மரம் இருந்தது. அதன் உச்சிக் கிளையைக் கட்டிக்கொண்டு ஓர் ஆளும் இருந்தான். கண்ணை இறுக மூடியிருந்தான். அவன் வேட்டி கீழ்க் கிளையில் மாட்டித் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கிரேக்க வீரர்களைப் போலவே அவன் உடம்பிலும் ஒன்றும் இல்லை. பாறை என்று வேளார் நினைத்தது கரடி; அதுவும் ஆட்டுக்குட்டி உயரக் கரடி. செடி என்று நினைத்தது ஒரு பெண்பிள்ளை. கூழ்ப்பானையைக் கரடியின் மண்டையில் அவள் உடைத்த வேகத்தில் ஓடுகள் நாலா பக்கமும் தெறித்துக்கொண்டிருந்தன.

"அது... அது வேற ஆளு" என்றார் வேளார்.

"கையில செருப்பு இருக்கே வேளாரே!" என்று பின்னாலிருந்து ராவுத்தர் குரல் கொடுத்தார்.

இருந்தது. மரத்தில் ஏறும்போதும் அந்த ஆள் செருப்பை விடவில்லை.

வேளார் அன்னக்கொடி பக்கம் திரும்பினார். "என்ன புள்ள இது?"

அன்னக்கொடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவருக்கு மட்டும் அல்லாமல் எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொன்னாள். "முன்பக்கம் நடந்தப்ப நான் மயங்கிக் கெடந்தேன், எனக்குத் தெரியாது. அவுக சொன்னாக, போட்டேன். பின்பக்கம் நடந்தப்ப அவுக கண்ணை மூடிக்கிட்டு இருந்தாக, அவுகளுக்குத் தெரியாது. நான் போட்டேன். அவுகதான் ரெண்டு பக்கத்துக்கும் சேத்துச் சத்தியம் பண்ணிட்டாகளே. அப்புறம் எனக்கு என்ன சோலி?"

வேளார் வாயைத் திறந்தார். பழனிமலை ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார்.

முதல் பரிசு அந்தப் பானைக்குத்தான். வெள்ளிக் கிண்ணத்தைத் துரைசானி அன்னக்கொடி கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு வேளாரிடம், "நான் கேட்ட கதை இதுதான். முன்பக்கத்துக் கதை எனக்குத் தெரியவே தெரியாது" என்றார். பக்கத்தில் நின்ற துரைசானிகளும் ஆளுக்கு ஒரு பானை வேண்டும் என்றார்கள். முன்பக்கம் வேண்டாமாம், இரண்டு பக்கத்திலும் பின்பக்கமே போட வேண்டுமாம்.

வீடு திரும்பும்போது வேளார் ஏரியைச் சுற்றிப் பாதி தூரம் முன்னால் நடந்தார். பிறகு கேட்டார்.

"அந்தம்மாளுக்கு எப்படித் தெரியும்? நீதான ஊரெல்லாம் சொன்ன?"

"நானா?" என்றாள் அன்னக்கொடி, கிண்ணத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே. "பழனியாண்டவர் சத்தியமாச் சொல்றேங்க. இத்தனை வருசத்துல ஒருத்தர்கிட்டயும் நான் வாயைத் தொறந்ததில்ல."

அவள் பொய்ச் சத்தியம் செய்கிறவள் அல்ல. அது வேளாருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் குழப்பம் இன்னும் அதிகமாயிற்று.

மறுநாள் காலையில் வேளார் இன்னொரு முடிவெடுத்தார். ரோஷத்தை மூட்டை கட்டிவிட்டுக் கண்ணாடி போட்டுக்கொள்வது. இனி முள் தொட்ட பானை எதுவும் அவர் பார்வைக்குத் தப்பிச் சூளைக்குள் போகக் கூடாது. ராவுத்தர் கடையில் தட்டு நிறையக் கண்ணாடிகள் கிடந்தன. ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, நாலாவதைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

உலகமே கிட்டத்தில் வந்து நின்றது. தம் கை ரேகை தெரிந்தது. ராவுத்தரின் சட்டைப் பித்தான் ஓட்டை தெரிந்தது. கடைவாசலில் ஜெரேனியம் வைத்த பூந்தொட்டி தெரிந்தது. தம் கையால் வனைந்த தொட்டி. பெருமையோடு குனிந்து, விளிம்புக்குக் கீழே அன்னக்கொடி கீறும் இலைக்கொடியைப் பார்த்தார்.

இலைக்கொடி இல்லை. வரிசையாகக் குட்டிக் குட்டி மரங்கள், அடியில் குட்டிக் குட்டிக் கரடிகள். ஒவ்வொரு மரத்திலும் ஒரு குட்டி ஆள். ஒவ்வொரு ஆளின் கையிலும் செருப்பு.

அடுத்த கடை வாசலுக்குப் போனார். அந்தத் தொட்டியிலும் அதேதான். தபாலாபீஸ் படிக்கட்டில் இருந்த ஆறு தொட்டியிலும் அதேதான். அங்கிருந்து ஏரி வரைக்கும், ஏரியிலிருந்து பங்களாக்கள் வரைக்கும் அவருடைய தொட்டிகள்தாம்.

"முந்தியெல்லாம் வெறும் இலைதான் இருக்கும் வேளாரே" என்றார் பின்னாலேயே வந்த ராவுத்தர். "ஏழெட்டு வருசமா ஆளு ஏறிட்டாரு. ஏன், நீங்க பார்த்ததில்லையா?"

வேளார் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, ராவுத்தர் கையில் வைத்தார்.

"வேணாம் ராவுத்தரே. வீட்ல சொல்றதுதான் சரி. என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல."